மொராக்கோவில் காரில் ஒரு நாள்: எந்தப் பழைய ஊருக்குப் போகலாம்?

மொராக்கோவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மராகேஷிலோ ஃபெஸ்ஸிலோ நான்கைந்து நாள் தங்குகிறார்கள். மெதினா எனப்படும் பழைய நகரத்தின் சந்துகளும் இரைச்சலும் இரண்டு நாளில் அலுப்புத் தட்டிவிடும். ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள பழைய ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் விடுதிகளிலும் ஏஜென்சிகளிலும் 'ஒரு நாள் பயணம்' என்று நீட்டுகிற பட்டியலில், போக நாலு மணி, வர நாலு மணி பிடிக்கிற ஊர்களும் கலந்திருக்கும். அப்படிப் போனால் ஊரை விட ரோட்டைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

நான் எல்லோருக்கும் சொல்கிற கணக்கு ஒன்றுதான். போகிற நேரம் மூன்று மணிக்குள் இருக்க வேண்டும். ஊருக்குள் ஐந்து மணி நேரமாவது கிடைக்க வேண்டும். இதில் தேறாத ஊர் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், அங்கே ஓர் இரவு தங்க முடிகிறபோது போய்க்கொள்ளலாம்.

மராகேஷில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே உதவும். அங்கே எல்லோரும் சொல்லும் இரண்டு பெயர்கள் அட்லாண்டிக் கரையில் உள்ள எஸ்ஸவீராவும், அட்லஸ் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஐத் பென் ஹத்தூவும். வரைபடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். 180 கிலோமீட்டரை ஒட்டி வரும். எஸ்ஸவீரா சாலை சமவெளியில் நேராகப் போகிறது. இரண்டரை மணியில், மிஞ்சிப்போனால் மூன்று மணியில் போய்விடலாம். ஐத் பென் ஹத்தூவுக்கோ 2,260 மீட்டர் உயரத்தில் இருக்கும் திஸி ந் திஷ்கா கணவாயை ஏறி இறங்க வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு, முன்னால் லாரி. நாலு மணி நேரம் ஆகிவிடும். குளிர்காலத்தில் பனி விழுந்தால் கணவாயையே மூடிவிடுவார்கள்.

ஐத் பென் ஹத்தூ பார்த்தே ஆக வேண்டிய இடம். முழுக்க மண்ணால் எழுப்பிய அரண் சூழ்ந்த குடியிருப்பு. 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'கிளாடியேட்டர்' படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தின் மீதுள்ள மரியாதையால்தான் ஒரே நாளில் போய்வர வேண்டாம் என்கிறேன். காலையில் கிளம்பினால் உச்சி வெயிலில், டூர் பஸ்கள் எல்லாம் வந்து இறங்குகிற நேரத்தில் போய்ச் சேர்வீர்கள். சாயங்கால வெயில் பட்டு மண்சுவர்கள் சிவந்து வருகிற நேரத்தில் நீங்கள் கணவாயில் ஏதாவது லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். பக்கத்து ஊரான வார்ஸாஸாத்தில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள்.

எஸ்ஸவீரா நிதானமான பயணத்துக்கென்றே அமைந்த ஊர். பழைய பெயர் மொகடோர். 1760களில் சுல்தான் ஸீதி முஹம்மத் பின் அப்துல்லா இதை அட்லாண்டிக் வணிகத்துக்கான துறைமுகமாகக் கட்டினார். திட்டத்தில் தியோடர் கோர்னு என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் கை உண்டு. அதனால் மற்ற மெதினாக்களில் இல்லாத வசதி இங்கே கிடைக்கிறது: தெருக்கள் நேராக ஓடுகின்றன, தரை சமமாக இருக்கிறது, வழி தவறுவது கடினம். முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப்போவதென்றால் நான் யோசிக்காமல் சொல்லும் ஊர் இது. மெதினாவுக்குள் கார் வராது. துறைமுகத்துப் பக்கம் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.

முதலில் ஸ்கலா என்கிற கடலோர மதில் மேல் ஏறுங்கள். ஐரோப்பாவில் வார்த்த வெண்கலப் பீரங்கிகள் வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்கும். அந்த மதிலின் அடியில் உள்ள வளைவறைகளில் இப்போது மரவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். துயா என்ற மரத்தின் வேர்முடிச்சைக் கடைந்து பெட்டி செய்வார்கள். மூடியில் எலுமிச்சை மரத்தின் வெளிறிய கீற்றுகளையும் கருமரத் துண்டுகளையும் முத்துச்சிப்பியையும் இழைத்துப் பதித்து, கடைசியில் எண்ணெய் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க வேரின் புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். அறை முழுக்கத் தேவதாரு போன்ற வாசனை. வாங்குகிறீர்களோ இல்லையோ, அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குத் துறைமுகத்தின் பக்கம் மத்தி மீனைக் கரியில் சுட்டுத் தருவார்கள். மீன் விலை, சுடுகூலி, சாலட் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எடை போடும்போதே பேசிவிட வேண்டும். ஆர்சன் வெல்ஸ் தன் 'ஒத்தெல்லோ' படத்தின் பல காட்சிகளை இந்த மதில்களில்தான் எடுத்தார். 1952இல் கான் விழாவின் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட படம் அது.

ஒரே எச்சரிக்கை காற்று. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பலமாக அடிக்கும். மராகேஷ் 40 டிகிரியில் காய்கிற நாளிலும் இங்கே மேலே ஒரு சட்டை தேவைப்படும். வெயிலுக்குப் பயந்து வருபவர்களுக்கு அதுவே வரம்; கடலில் குளிக்க நினைத்து வருபவர்களுக்கு ஏமாற்றம். போகிற வழியில் ஆர்கன் மரக்கிளைகளில் ஆடுகள் நிற்பதைப் பார்ப்பீர்கள். காய் தின்ன ஆடுகள் மரம் ஏறுவது உண்மை. ஆனால் சாலையோரத்தில் மணிக்கணக்காக நிற்பவை பெரும்பாலும் படம் எடுக்க வருகிறவர்களுக்காக ஏற்றி நிறுத்தப்பட்டவை. தயவுசெய்து வண்டியை நிறுத்திக் காசு கொடுக்காதீர்கள். அந்த ஆடுகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அதுதான்.

ஃபெஸ்ஸில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான அதிர்ஷ்டம். மெக்னெஸ் 60 கிலோமீட்டர். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ரோமானிய நகரமான வொலுபிலிஸ். அதற்கு நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, குன்றின் மேல் மௌலாய் இத்ரிஸ் ஸெர்ஹூன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான மொராக்கோ வரலாறு இந்தச் சின்ன வட்டத்துக்குள் இருக்கிறது. ரோமர்கள் மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வொலுபிலிஸை விட்டுப் போனார்கள்; மக்கள் போகவில்லை. அப்பாஸியர்களிடமிருந்து தப்பி கிழக்கிலிருந்து ஓடிவந்த முதலாம் இத்ரிஸ் 788 வாக்கில் இங்கேதான் பெர்பர்களிடம் அடைக்கலம் பெற்றார். அவரது அடக்கத்தலத்தைச் சுற்றி எழுந்த ஊர்தான் மௌலாய் இத்ரிஸ். 1672 முதல் 1727 வரை ஆண்ட சுல்தான் மௌலாய் இஸ்மாயில் மெக்னெஸைத் தலைநகராக்கியபோது, வொலுபிலிஸின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்த் தன் கட்டடங்களில் வைத்தார். 1755இன் லிஸ்பன் நிலநடுக்கம் மிச்சத்தையும் ஆட்டிவிட்டது.

மூன்றையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். முடியும். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். இரண்டை எடுங்கள். என் தேர்வு வொலுபிலிஸும் மௌலாய் இத்ரிஸும். காலையில் முதலில் வொலுபிலிஸ், ஏனென்றால் அங்கே ஒதுங்க நிழலே கிடையாது. 217இல் பேரரசர் கராகல்லாவின் பெயரில் எழுப்பிய வளைவு, பஸிலிக்கா, தூண்களின் உச்சியில் நாரைக் கூடு என்று பார்த்துக்கொண்டே வீடுகளுக்குள் நுழைந்தால், தரையில் பதித்த மொசைக் ஓவியங்கள் கட்டிய இடத்திலேயே கிடக்கின்றன. ஒன்றில் ஒருவன் கழுதை மேல் பின்புறமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறான், கையில் கோப்பை. விளையாட்டு வீரன். வெயிலில் நிறம் மங்கியிருக்கிறது. ஆனால் கல்துண்டுகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நிற்கலாம். இங்கே ஆலிவ் எண்ணெய் ஆட்டிய செக்குகளின் எச்சங்களும் ஏராளம். சுற்றியுள்ள சரிவுகளில் இன்றைக்கும் ஆலிவ்தான் விளைகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இடிபாடுகளுக்கு நடுவே காட்டுப்பூ பூத்துக் கிடக்கும். வருவதற்கு அதுதான் பருவம்.

மதியத்துக்கு மௌலாய் இத்ரிஸ். நாட்டின் மிகப் புனிதமான ஊர்களில் ஒன்று. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 2005 வரை இங்கே இரவு தங்க அனுமதி இருந்ததில்லை. இன்றைக்கும் அடக்கத்தலத்துக்குள் போகக்கூடாது. வாசலில் குறுக்கே கட்டை போட்டிருப்பார்கள், அங்கேயே நின்றுவிடுங்கள். மேலே ஏறினால் 1939இல் கட்டிய உருளை வடிவ மினாராவைக் காணலாம். பச்சை ஓடுகளில் குர்ஆன் வசனங்கள் சுற்றிவர எழுதப்பட்டிருக்கும். ஏற்றமும் படிகளும் அதிகம். முதியவர்கள் கீழே சதுக்கத்திலேயே புதினாத் தேநீர் குடித்துக்கொண்டு இருக்கலாம்.

ஜூலை, ஆகஸ்டில் வந்தாலோ, படியேற முடியாதவர்கள் கூட இருந்தாலோ தேர்வை மாற்றிக்கொள்ளுங்கள்: வொலுபிலிஸை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு மெக்னெஸுக்குப் போய்விடலாம். பாப் மன்ஸூர் வாயிலும், தடித்த சுவர்களால் உள்ளே குளிர்ச்சியாகவே இருக்கும் ஹெரி எஸ்ஸுவானி தானியக் கிடங்கும் பார்க்கப் போதும். சில கட்டடங்களை மராமத்துக்காக அவ்வப்போது மூடுவார்கள். முந்தின நாள் விசாரித்துவிடுங்கள். அரை நாள்தான் இருக்கிறது என்பவர்கள் ஃபெஸ்ஸிலிருந்து 30 கிலோமீட்டரில் உள்ள செஃப்ரூவுக்குப் போகலாம். 1920 முதல் செர்ரிப் பழ விழா நடக்கும் சின்ன மதில் ஊர். நீல ஊரான ஷெஃப்ஷாவனுக்கு ஃபெஸ்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வருவது வேண்டவே வேண்டாம். தூரம் 200 கிலோமீட்டர், மலைச்சாலை.

டேஞ்சியரில் இருந்தால் அஸீலா. 45 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்கூட ஆகாது. போர்ச்சுக்கீசியர் 1471இல் பிடித்துக் கட்டிய மதில், வெள்ளைச் சுவர்கள், 1978இல் தொடங்கிய கலை விழாவில் ஓவியர்கள் தீட்டும் சுவரோவியங்கள், கடல். 1578இல் போர்ச்சுகல் மன்னர் செபாஸ்தியான் படையோடு வந்து இறங்கியது இங்கேதான். சில வாரங்களில் போரில் மடிந்தார். வாரிசு இல்லாததால் 1580இல் போர்ச்சுகல் ஸ்பெயின் மன்னரின் கைக்குப் போனது. காசாபிளாங்காவில் இருப்பவர்கள் 100 கிலோமீட்டர் தெற்கே எல் ஜதீதாவுக்குப் போகலாம். அங்கும் போர்ச்சுக்கீசியக் கோட்டைதான். அதன் நிலத்தடி நீர்த்தொட்டிக்காகவே போகிறார்கள் என்பதால், அது திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நீங்களே ஓட்டுவதா, டிரைவர் வைப்பதா? நெடுஞ்சாலைகள் நன்றாக இருக்கின்றன. சுங்கத்துக்குத் திர்ஹாம் நோட்டும் சில்லறையும் வைத்துக்கொண்டால் போதும். வேக வரம்பு விரைவுச்சாலையில் 120, மற்ற சாலைகளில் 100, ஊருக்குள் 60. ரேடார் வைத்துப் பிடிப்பார்கள். ஊர் எல்லைகளில் ஜாந்தார்ம் எனப்படும் காவல்படையின் சோதனைச்சாவடி வந்தால் மெதுவாகப் போய், கைகாட்டும்வரை நில்லுங்கள். ஆனால் நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இருட்டிய பிறகு விளக்கில்லாத சைக்கிளும் கழுதை வண்டியும் குறுக்கே வரும். ஓட்டுவதே இன்பம் என்பவர் தவிர மற்றவர்கள் டிரைவரோடு கூடிய காரையோ, நாள் முழுவதற்கும் பேசிய 'கிராண்ட் டாக்ஸி'யையோ எடுப்பதே நிதானத்துக்கு நல்லது. காத்திருக்கும் நேரமும் சேர்த்து வாடகை பேசுங்கள். கம்பளக் கடை, எண்ணெய்க் கடை எதுவும் வேண்டாம் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களே ஓட்டினால், நிறுத்துமிடத்தில் மேல்கோட்டு போட்டு நிற்கும் காவல்காரருக்குச் சில திர்ஹாம் கொடுப்பது வழக்கம்.

2018இலிருந்து ரமலான் மாதம் தவிர ஆண்டு முழுவதும் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னால் ஓடுகிறது. அதனால் டிசம்பரில் விடிய எட்டு மணி தாண்டிவிடும். ஏழு மணிக்குக் கிளம்பத் திட்டமிட்டால் இருட்டில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். ரமலானில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பலவும் மூடியிருக்கும், நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டி எல்லோரும் வீட்டுக்கு விரைவார்கள். அந்த ஒரு மணி நேரம் சாலையில் இருக்காதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி தஜீன் என்று கேட்டால் மட்டும் போதாது. இறைச்சிச் சாற்றில் வேகவைத்ததா என்றும் கேட்க வேண்டும். மொச்சையை மசித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தரும் பிஸ்ஸாரா, கத்தரிக்காய் தக்காளி மசியலான ஸாலூக், கூடவே ரொட்டி இருந்தால் மதியத்துக்குத் தாராளம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் சூக் எனப்படும் கடைவீதியின் கடைகள் அடைத்திருக்கும். கடைவீதிதான் முக்கியம் என்றால் வேறு நாளுக்கு மாற்றுங்கள். ஊரும் மதிலும் போதும் என்பவர்களுக்கு வெள்ளிக்கிழமையே கூட்டமில்லாத நாள், மதியத்துக்குக் கூஸ்கூஸும் சூடாகக் கிடைக்கும்.