போர்டுல ₹999, கையை விட்டுப் போனது ₹1,385: குரூப்பா பஃபே போறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு

இன்னைக்கு எஸ்ஐபி, டேக்ஸ் ரிட்டர்ன் எதுவும் கிடையாது. சாப்பாட்டுக் கணக்கு. அதுவும் நான் தப்பா போட்ட ஒரு கணக்கு.

போன வருஷம் ஆடிட் சீசன் முடிஞ்சதும் எங்க ஆபீஸ்ல 8 பேர் சேர்ந்து சென்னையில ஒரு கொரியன் பஃபேக்குப் போனோம். தலைக்கு ₹999, அன்லிமிடெட். "இந்த விலைக்கு கொரியன் ஃபுட்டா, சூப்பர்!"னு எல்லாரும் குஷியா கிளம்பினோம். பில் வந்ததும் நான்தான் போனை எடுத்து 8-ஆல வகுத்தேன். தலைக்கு ₹1,385. எல்லாரும் யுபிஐ-ல அனுப்பிட்டாங்க, வேலை முடிஞ்சுது.

அந்த 8 பேர்ல ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம். கைக்கு வர்ற சம்பளம் ₹24,000. சைவம். கூல் டிரிங்க் கூட வாங்கல. அதுக்கப்புறம் மூணு தடவை டீமா வெளிய போனோம். மூணு தடவையும் "வீட்ல வேலை இருக்கு அண்ணா"ன்னுட்டான். நாலாவது தடவை தனியா கூப்பிட்டுக் கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னான்: "அன்னைக்கு கட்டினது என்னோட ஒன்றே முக்கால் நாள் சம்பளம் அண்ணா. ₹999-ன்னு நினைச்சுதான் வந்தேன். எல்லார் முன்னாடியும் எப்படிக் கேக்குறது?"

கணக்குப் பார்க்கிறதுதான் என் தொழில். அன்னைக்கு அதைச் சரியா பார்த்திருந்தா, அவன் மூணு தடவை பொய் சொல்ல வேண்டி வந்திருக்காது.

₹999 எப்படி ₹1,385 ஆச்சு?

- பஃபே: ₹999 × 8 = ₹7,992
- நாலு பேர் வாங்கின மாக்டெயில், கூல் டிரிங்க்: ஆளுக்கு ₹400, மொத்தம் ₹1,600
- சர்வீஸ் சார்ஜ் 10%: ₹959.20
- மேல சொன்ன எல்லாத்துக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 5%: ₹527.56
- மொத்தம்: ₹11,078.76

இதை 8-ஆல வகுத்தா ₹1,385. ஆனா தம்பி சாப்பிட்டதுக்கு என்ன ஆகும்? ₹999, கூட 5% ஜிஎஸ்டி, ஆக ₹1,049. மீதி ₹336 அவன் குடிக்காத டிரிங்க்ஸுக்கும், கட்டாயமே இல்லாத சர்வீஸ் சார்ஜுக்கும் போயிருக்கு.

சர்வீஸ் சார்ஜ் கட்டித்தான் ஆகணுமா?

வேண்டாம். பில்லுல தானா சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல வழிகாட்டுதல் குடுத்திருக்கு. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச் 28-ல அதை உறுதி செஞ்சிருக்கு. "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு பில் குடுங்க"ன்னு மரியாதையா கேட்டாலே பெரும்பாலும் எடுத்துடுவாங்க. மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. சர்வீஸ் சார்ஜ் மேலயும் ஜிஎஸ்டி விழுது, கவனிங்க. எங்க பில்லுல அது ரெண்டும் சேர்த்து ₹1,007. இதெல்லாம் எனக்கு நல்லாவே தெரியும். இருந்தும் சீனியர்ஸ் முன்னாடி கேக்க கூச்சப்பட்டு விட்டுட்டேன். சிஏ-வுக்கே கூச்சம்னா தம்பிக்கு எப்படி இருந்திருக்கும்?

ஜிஎஸ்டி கட்டித்தான் ஆகணும். பொதுவா ரெஸ்டாரன்ட்டுக்கு 5%. ஒரு நாள் ரூம் வாடகை ₹7,500-க்கு மேல வாங்குற ஹோட்டலுக்குள்ள இருக்கிற ரெஸ்டாரன்ட்னா 18%. பில்லுல 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கான்னு பாருங்க, தமிழ்நாடுன்னா 33-ல ஆரம்பிக்கும். கம்போசிஷன் திட்டத்துல இருக்கிற கடை உங்ககிட்ட ஜிஎஸ்டி தனியா வாங்கவே கூடாது.

கொரியன் பஃபேல எதுக்கு தனிக் காசு?

ஹூண்டாய் 1990-கள்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில தொழிற்சாலை போட்டதுல இருந்தே நம்ம ஊர்ல கொரியன் சாப்பாட்டுக் கடைகள் வர ஆரம்பிச்சுது. கே-டிராமா வந்ததும் நம்ம பசங்களும் கிம்ச்சி தேட ஆரம்பிச்சாச்சு.

கொரியாவுல மெயின் டிஷ்ஷோட கிம்ச்சி, கீரை, முளைகட்டின பயறுன்னு சின்னச் சின்ன கிண்ணத்துல வர்ற சைட் டிஷ்ஷுக்கு பன்சான்னு பேர். அது வழக்கமா இலவசம், திரும்பவும் கேட்டு வாங்கலாம். மெனுவுல போட்ட விலையிலயே 10% வரியும் அடங்கிடும், டிப்ஸ் வழக்கமும் கிடையாது. அதனால போர்டுல போட்ட விலைதான் கிட்டத்தட்ட பில்லுல வரும். நம்ம ஊர்ல "பிளஸ் டேக்ஸ்"னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க.

போறதுக்கு முன்னாடி போன் பண்ணி இந்த நாலையும் கேட்டுடுங்க:

1. டிரிங்க்ஸ், ஐஸ்கிரீம் பஃபேல அடக்கமா?
2. எவ்வளவு நேரம் உட்காரலாம்? கிரில் பஃபேனா 90 நிமிஷம், 2 மணி நேரம்னு வரம்பு வைப்பாங்க.
3. மிச்சம் வச்சா அபராதம் உண்டா? கொரியாவுலயே அன்லிமிடெட் கடைகள்ல இது சகஜம். "காசு குடுத்தாச்சே"ன்னு தட்டை ரொப்பினா ரெண்டு நஷ்டம்.
4. சைவத்துக்குத் தனி விலை உண்டா? கிம்ச்சியில பெரும்பாலும் மீன் சாஸ் இல்ல இறால் சேர்ப்பாங்க. அதையும் கேட்டுக்கோங்க. சைவம் சாப்பிடுறவங்களுக்கு வெறும் சாதமும் நூடுல்ஸும்தான்னா, ₹999 அவங்களுக்கு மலிவு கிடையாது.

சமமா பிரிச்சா என்ன தப்பு?

இதைப் பத்தி இஸ்ரேல்ல யூரி நீஸி உள்ளிட்ட மூணு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க, 2004-ல வெளிவந்துது. ஆறு ஆறு பேரா ஹோட்டலுக்கு அனுப்பினாங்க. அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க கட்டணும்னு சொன்னப்போ சராசரியா ஆளுக்கு சுமார் 37 ஷெக்கலுக்கு ஆர்டர் பண்ணாங்க. பில்லைச் சமமா பிரிக்கணும்னு சொன்னப்போ அது சுமார் 51 ஷெக்கல் ஆயிடுச்சு. நான் வாங்குற கூடுதல் டிரிங்க்ல என் பங்கு ஆறுல ஒண்ணுதானேன்னு கை தாராளமா போகுது. அதையே எல்லாரும் நினைக்கிறாங்க.

பஃபேல ஒரு நல்ல விஷயம், சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் ஒரே விலை. அதனால அதைச் சமமா பிரிச்சா பிரச்சினை இல்ல. தனியா வாங்குற டிரிங்க்ஸை அதோட கலக்கும்போதுதான் தப்பு நடக்குது.

இனிமே இப்படிச் செய்யுங்க

- கிளம்புறதுக்கு முந்தின நாளே குரூப்ல மெசேஜ் போடுங்க: "பஃபே வரியோட ₹1,049. டிரிங்க்ஸ் அவங்கவங்க செலவு. கேப் தனி." யாருக்கு முடியாதோ அவங்க கூச்சமில்லாம விலகிக்கலாம், இல்ல வேற இடம் சொல்லலாம்.
- டிரிங்க்ஸுக்குத் தனி பில் கேளுங்க. முடியலைன்னா போன் கால்குலேட்டர் போதும். எங்க கணக்குல சர்வீஸ் சார்ஜ் இல்லாம, டிரிங்க்ஸ் வாங்கினவங்க ஆளுக்கு ₹1,469, வாங்காதவங்க ₹1,049.
- கார்டு ஆஃபர், ஆப் தள்ளுபடி கிடைச்சா பில் தொகையில கழிச்சுட்டுப் பிரிங்க. கார்டு தேய்ச்சவரே அதை வச்சுக்கிட்டா, மத்தவங்க காசுல அவர் லாபம் பார்க்குறார்னு அர்த்தம்.
- நீங்க சீனியரா? நீங்களே முதல்ல "சர்வீஸ் சார்ஜ் வேண்டாம், டிரிங்க்ஸ் தனி"ன்னு சொல்லிடுங்க. அதே வார்த்தையை ஜூனியர் சொன்னா "கஞ்சன்"னு பேர் வாங்குவான்.
- நீங்க ஜூனியரா? வெளிச் சாப்பாட்டுக்கு மாசம் ஒரு தொகை ஒதுக்குங்க. அதுக்கு மேல போகும்னா "இந்த மாசம் பட்ஜெட் முடிஞ்சுது, அடுத்த மாசம் வர்றேன்"னு நேரா சொல்லுங்க. வீட்ல வேலைன்னு சாக்கு சொல்ல வேண்டாம். உங்க சம்பளத்துல எது முடியும்னு சொல்றதுல அவமானம் எதுவும் இல்ல.

நிறையப் பேர் கேக்குற ஒரு சந்தேகம்: "நான் கார்டுல கட்டிட்டேன், ஏழு பேர் எனக்கு யுபிஐ அனுப்பினாங்க. இது வருமானமா?" இல்ல. நீங்க அவங்களுக்காகச் செலவு பண்ண பணம் திரும்பி வருது, அவ்வளவுதான். அதுக்கு வரி கிடையாது. பில் போட்டோவையும் குரூப் மெசேஜையும் வச்சுக்கோங்க, பின்னாடி யாராவது கேட்டா காட்டலாம்.

தம்பிக்கு ₹336-ஐ நான் அனுப்பினேன். வாங்க மாட்டேன்னான். "இது ட்ரீட் இல்லப்பா, நான் தப்பா போட்ட கணக்கு"ன்னு சொன்னதும் வாங்கிக்கிட்டான். அடுத்த தடவை குரூப்ல முதல் மெசேஜ் அவனோடது: "அண்ணா, தலைக்கு எவ்வளவு, டேக்ஸோட சொல்லுங்க." இப்போ எங்க டீம்ல அந்தக் கேள்விக்குப் பதில் வராம யாரும் டேபிள் புக் பண்றதில்ல.

உங்க அடுத்த குரூப் டின்னருக்கு முன்னாடி அந்த ஒரு மெசேஜை நீங்க போட்டுடுங்க.