அமெச்சூர் வெற்றியும் தொழில்முறைக் குத்துச்சண்டையும்

2008 ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக் விழாவில் 75 கிலோ எடைப்பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்ற விஜேந்தர் சிங், குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை ஈட்டிக் கொடுத்தவர். அடுத்த ஆண்டு மிலான் நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியிலும் வெண்கலம் பெற்றார். 2010 இல் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கமே பெற்றார். 2015 இல் அவர் தொழில்முறைக் குத்துச்சண்டையிற் புகுந்தபோது, உலகப் பட்டம் இனிக் கைக்கெட்டிய கனியே என்று எண்ணியோர் பலர். முதற் பன்னிரண்டு போட்டிகளிலும் வென்றார். பதின்மூன்றாவதில், 2021 மார்ச்சு மாதம், கோவாவிற் கப்பலொன்றின் மேற்றளத்தில், ருஷியரான ஆர்ட்டிஷ் லொப்சானிடம் ஐந்தாஞ் சுற்றில் தோற்றார். ஒலிம்பிக் மேடையிற் சிறந்தவர் தொழில் மேடையில் அவ்வாறே சிறவாமைக்குக் காரணம் யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பெயர் ஒன்றாயினும் இவை இரு வேறு விளையாட்டுக்கள் என்றே நாம் கருதுகின்றோம். பீஜிங்கில் ஒரு போட்டி இரண்டு நிமிடச் சுற்றுக்கள் நான்கு. ஆக எட்டு நிமிடம். தொழில்முறைப் பட்டப் போட்டியோ மூன்று நிமிடச் சுற்றுக்கள் பன்னிரண்டு. ஆக முப்பத்தாறு நிமிடம். எட்டு நிமிடத்தில் உள்ள வலிமை முழுவதையும் செலவிடப் பழகியவன், நாலாஞ் சுற்று முடிந்ததும் தன் உடல் ஓய்வை நாடுவதை உணர்கின்றான். எதிரியோ அப்பொழுதுதான் வேலையைத் தொடங்குகின்றான்.

இதனினும் பெரிய வேற்றுமை புள்ளியிடும் முறையில் உள்ளது. 1988 ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்கரான றோய் ஜோன்ஸ், கொரிய வீரர் பாக் சி-ஹுன் என்பவரைத் தெளிவாக விஞ்சி நின்றும், மூன்றுக்கு இரண்டு என்ற தீர்ப்பால் தங்கத்தை இழந்தார். அவ்வநீதிக்கு மருந்தாக வந்ததே கணனி முறை. 1992 இலிருந்து 2012 வரை ஒலிம்பிக்கில் அதுவே ஆட்சி செய்தது. தீர்ப்பாளர் ஐவருள் மூவரேனும் ஒரு விநாடி இடைவெளிக்குள் பொத்தானை அழுத்தினாலன்றிக் குத்துக்குப் புள்ளி இல்லை. நோய் தீர்ந்ததோ இல்லையோ, மருந்து வேறொரு நோயைத் தந்தது. தூரத்தில் நின்று தலையிற் படும் நேர்க்குத்து மூவர் கண்ணுக்கும் ஒருங்கே புலப்படும். நெருங்கி நின்று விலாவில் இடும் குத்துப் புலப்படாது. ஆதலின் இளைஞர், தொட்டுவிட்டு விலகுவதையும், இரண்டு புள்ளி முந்தியதும் மேடையைச் சுற்றி ஓடுவதையும் கலையாகப் பயின்றனர். (புள்ளித்திட்டத்தைப் பார்த்துப் படிக்கும் நம் மாணவர்மீது இதிற் குறை காண்பதற்கில்லை, பரீட்சை எப்படியோ படிப்பும் அப்படியே.) தொழில் மேடையிலோ, மூன்றாஞ் சுற்றில் விலாவிற் பட்ட குத்து ஒன்பதாஞ் சுற்றிற் காலைக் கட்டிவிடும். 2013 இல் கணனி முறையும் ஆண்களுக்கான தலைக்கவசமும் நீக்கப்பட்டு, பத்துப் புள்ளி முறை அங்கும் புகுந்தமையால் இவ்விடைவெளி இன்று ஓரளவு சுருங்கியுள்ளது.

பழைய நிகழ்ச்சியொன்றை இங்குக் கூறுதல் தகும். 1956 மெல்போண் ஒலிம்பிக்கில் அதிபார எடையிற் தங்கம் வென்ற பீற் றேடமாக்கர், தமது முதலாவது தொழில்முறைப் போட்டியிலேயே உலக வீரரான புளொயிட் பற்றர்சனை எதிர்த்தார். 1957 ஆகஸ்டில் சியாற்றில் நகரில் இது நடந்தது. இரண்டாஞ் சுற்றில் பற்றர்சனையே அவர் நிலத்தில் வீழ்த்தினார் என்றால் நம்புவது அரிது. ஆயினும் ஆறாஞ் சுற்றில் அவர் கதை முடிந்தது. பற்றர்சனும் 1952 இல் ஹெல்சிங்கியில் தங்கம் பெற்றவரே. பதக்கத்தில் இருவரும் நிகர். ஆனால் பற்றர்சன் நான்கு ஆண்டுகள் தொழில் மேடையிற் படிப்படியாக ஏறியவர். அந்நான்கு ஆண்டுகளின் விலையை றேடமாக்கர் ஓரிரவிற் கொடுத்தார்.

இரு முறை ஒலிம்பிக் தங்கம் பெற்ற உக்கிரெயின் வீரர் லொமச்சென்கோவும் 2014 மார்ச்சில் தமது இரண்டாவது தொழில்முறைப் போட்டியில் ஒர்லாண்டோ சலிடோவிடம் தோற்றார். சலிடோ எடைவரம்பை மீறி வந்தவர், இடுப்பின் கீழும் தாராளமாகக் குத்தினார், மத்தியஸ்தர் கண்டுகொள்ளவில்லை. முறைப்பாடு நியாயமானதே. எனினும் லொமச்சென்கோ முறைப்பாட்டில் நின்றுவிடாது, சில மாதங்களிலேயே உலகப் பட்டம் வென்றார்.

இன்னொரு காரணம் மேடைக்கு வெளியே உள்ளது. அமெச்சூர்ப் போட்டியில் எதிரியைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கின்றது; தொழில்முறையிற் போட்டி ஏற்பாட்டாளர் தீர்மானிக்கின்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கிற் தங்கம் பெற்ற ஆங்கிலேயர் ஓட்லி ஹரிசன் தம் முதற் பத்தொன்பது போட்டிகளிலும் வென்றார். 2005 இல் டனி வில்லியம்ஸிடம் தோற்றபோதுதான் அவ்வெற்றிகளின் எடை தெரிந்தது. வயதையும் சிலர் காரணங் காட்டுவர். விஜேந்தர் முப்பதை எட்டும் வேளையிற்றான் தொழிலிற் புகுந்தார். ஆயின் மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற ஹங்கேரியரான லாஸ்லோ பாப் முப்பத்தொரு வயதிற் புகுந்து, ஐரோப்பிய வீரராகி, இறுதிவரை தோல்வியே காணவில்லை. அவரைத் தடுத்தது எதிரியன்று. அனுமதியை மறுத்த அவர் நாட்டு அரசு.

நம் இலங்கையிற் பாடசாலைக் குத்துச்சண்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1938 இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிக்கஸ் இலங்கைக்குத் தங்கம் ஈட்டினார். எனினும் தொழில்முறை மேடை இங்கு வேரூன்றாமையால், இவ்வினா நம் கல்லூரி மாணவனை இங்கு எதிர்ப்படுவதில்லை. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவரின் பிள்ளைகளையே அது எதிர்ப்படுகின்றது. அத்தகைய தந்தையொருவர், தம் மகன் கழகப் போட்டிகளிற் பல பதக்கங்கள் பெற்றுள்ளான் என்றும், பல்கலைக்கழகப் படிப்பை விட்டுத் தொழிலில் இறங்க விரும்புகின்றான் என்றும் எழுதி நம் கருத்தை வினவினார். பதக்கங்களைப் பற்றி நாம் ஒன்றும் கேட்கவில்லை. பயிற்சியின்போது ஆறாஞ் சுற்றில் அவன் கைகள் முகத்தைக் காத்து நிற்கின்றனவா, தாழ்ந்து விடுகின்றனவா என்றும், எதிரியைத் தெரிவுசெய்பவர் யாவர் என்றும் மட்டும் கேட்டெழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை.