பிரிந்தவர் விட்டுச் சென்ற பொருள் அமானிதமே!

தலாக்கோ குல்உவோ நிகழ்ந்து இத்தாவும் முடிந்துவிட்டது. பெண் தாய்வீடு போய்விட்டாள். அவளுடைய பீரோவும், தையல் மெஷினும், உம்மா கொடுத்த செம்புப் பாத்திரங்களும் மாப்பிள்ளை வீட்டில் கிடக்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலோ மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது வழக்கம். அங்கே அவருடைய பெட்டியும் உடுப்பும் பத்திரங்களும் பெண் வீட்டில் நின்றுவிடுகின்றன. "வேண்டுமானால் வந்து எடுத்துப் போகட்டும்; இல்லாவிட்டால் விற்றுவிடுவோம்" என்ற பேச்சைத் தொழுகை தவறாத வீடுகளிலும் கேட்கிறோம். இது மார்க்கத்திற்கு உகந்ததா?

பொருள் யாருக்குச் சொந்தம்?

நிக்காஹ் முறிவதால் சொத்துரிமை முறிவதில்லை. பெண்ணுக்குப் பெற்றோர் போட்ட நகையும் சாமான்களும் அவளுக்கே உரியவை. கூடி வாழ்ந்த பின் தலாக் நிகழ்ந்தால் மஹர் முழுவதும் அவளுடையது. பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதில் எதையும் திரும்ப எடுக்கலாகாது என்று சூரத்துந் நிஸாவின் 20ஆம் வசனம் தடுக்கிறது. குல்உவில் அவள் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டது மட்டுமே கணவனைச் சேரும்.

கணவன் அன்பளிப்பாகக் கொடுத்து அவள் பெற்றுக்கொண்டதையும் திரும்பக் கேட்கக் கூடாது. கொடுத்த அன்பளிப்பை மீட்பவனை, கக்கியதைத் தின்னும் நாய்க்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். ஆனால் "அணிந்துவிட்டுத் தா" என்று இரவலாகக் கொடுத்த நகை கொடுத்தவருடையதே.

வீட்டுச் சாமான் பற்றித் தகராறு வந்து, இருவரிடமும் சாட்சி இல்லையென்றால் என்ன செய்வது? ஷாஃபிஈ மத்ஹபில் இருவரும் சத்தியம் செய்து பாதிபாதியாகப் பிரித்துக்கொள்வர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் பெண்ணுக்கேற்றவை பெண்ணுக்கு, மற்றவை கணவனுக்கு. தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடப்பதே நலம்.

வைத்திருப்பவர் கடமை என்ன?

காற்று அடித்துக் கொண்டுவந்து நம் வீட்டில் போட்ட அண்டை வீட்டுத் துணியை ஃபிக்ஹு நூல்கள் உதாரணம் காட்டுகின்றன. நாம் கேட்டு வாங்கவில்லை. ஆனாலும் அது நம்மிடம் அமானிதம். உரியவருக்கு உடனே அறிவிக்க வேண்டும், அல்லது கொண்டு சேர்க்க வேண்டும். பிரிந்தவரின் பொருளும் இத்தகையதே. கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவித்த பின் பயன்படுத்தலாம் என்ற சட்டம் இங்கே பொருந்தாது. அது உரியவர் யாரென்று தெரியாத பொருளுக்கு உரியது. இங்கே உரியவரை நன்றாகத் தெரியும்.

எனவே அந்த மெஷினில் தைப்பதும், பாத்திரத்தில் சமைப்பதும், கடிதங்களைப் பிரித்துப் படிப்பதும் கூடாது. பொறுப்புடன் காத்தும் தானாகச் சேதமானால் குற்றமில்லை. பயன்படுத்தியோ கவனக்குறைவாலோ கெட்டால் ஈடு தர வேண்டும்.

"அவர் எனக்கு அநியாயம் செய்தாரே!" என்று மனம் கொதிக்கலாம். மோசடி செய்தவருக்கும் மோசடி செய்யாதே என்பது நபிமொழி. கி.பி. 622இல் மக்கத்துக் குறைஷிகள் உயிரைப் பறிக்கத் திட்டமிட்ட வேளையிலும், அம்மக்கள் தம்மிடம் வைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் விட்டுச் சென்றார்கள். அந்த எதிரிகளைவிடவா நம் குழந்தைகளின் தாய், அல்லது தந்தை, பகையாகிவிட்டார்?

எப்படி ஒப்படைப்பது?

1. இரு சாட்சிகள் முன்னிலையில் பொருள்களுக்குப் பட்டியல் எழுதுங்கள்.
2. கடிதம் மூலம் அறிவித்து, வந்து எடுக்கப் போதிய தவணை கொடுங்கள். கடிதம் சேர்ந்ததற்கு அத்தாட்சி வையுங்கள்.
3. நேரில் சந்திக்க இயலாவிட்டால் அவர் அனுப்பும் ஆளிடம், ஜமாஅத்தார் முன்னிலையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.
4. பதில் இல்லையென்றால் விற்றுவிடாதீர்கள். காஜியையும் வக்கீலையும் கலந்து, பாதுகாப்பான இடத்தில் ஒப்படைக்க வழி தேடுங்கள்.

1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிக்கு நீதிபதியின் அதிகாரத்தைத் தரவில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சமரசம் பலிக்காவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். திருமணத்திற்கு முன்போ, அப்போதோ, பின்போ உறவினரும் நண்பரும் கணவனும் அவன் வீட்டாரும் பெண்ணுக்குக் கொடுத்த சொத்துகள் அனைத்தும் தலாக் பெற்றவளுக்கே உரியவை என்று 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது. அவற்றைக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் அவள் மனுச் செய்யலாம். நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையின்றி அபகரிப்பது குற்ற வழக்கிற்கும் உரியது.

பிரியும்போதும் உங்களுக்கிடையே பெருந்தன்மையை மறக்க வேண்டாமென்று அல்பகரா சூராவின் 237ஆம் வசனம் அறிவுறுத்துகிறது. நிக்காஹ் நாளில் சீர்வரிசையை ஊரறிய எண்ணி வாங்கினோம். பிரியும் நாளில் அதே போல் எண்ணிக் கொடுப்போம். இங்கே எண்ணிக் கொடுக்காததற்கு நாளை மஹ்ஷரில் நம் நன்மைகளிலிருந்து எண்ணிக் கொடுக்க நேரும். அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.