முகத்தில் மின்னல் போல் பாயும் வலி: யாரிடம் காட்டுவது? அறுவை சிகிச்சை எப்போது?



இந்த மாதப் பாடத்தில் ஒரு நோயைப் பற்றி எழுதுகிறோம். உங்கள் சபையிலும் ஒருவர் இந்த நோயின் பெயர் தெரியாமலே அவதிப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

பெண்கள் வார்டில் ஒரு தாயாரைச் சந்தித்தோம். வயது 58. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. வலது கன்னத்தை முந்தானையால் மூடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்ன கேட்டாலும் கையால்தான் பதில். பேசினால் வலி வரும். சோறு மென்றால் வரும். மின்விசிறிக் காற்று பட்டாலே வரும். மின்சாரம் பாய்ந்தது போல் சில நொடிகள் கன்னத்திலும் தாடையிலும் வெட்டிவிட்டுப் போய்விடும், பிறகு மீண்டும் வரும். பல் வலி என்று நினைத்து மூன்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். மூன்றும் சொத்தையில்லாத பற்கள்.

இதை மருத்துவர்கள் டிரைஜெமினல் நியூரால்ஜியா என்கிறார்கள். மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாவது நரம்பு மூன்று கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கன்னம், தாடை ஆகியவற்றின் தொடு உணர்வைச் சுமக்கிறது. வலி இந்த நரம்பில்தான் எழுகிறது. வாய் கோணிப்போகும் முகவாதம் வேறொரு நரம்பின் நோய். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக, முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இது வருகிறது. பலருக்கு, நரம்பு மூளையை விட்டு வெளிவரும் இடத்தில் ஓர் இரத்தக் குழாய் அதன்மேல் அழுந்தித் துடித்துக்கொண்டிருப்பதே காரணம்.

முதலில் பல் மருத்துவரிடம் காட்டுவதில் தவறில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் பல் நன்றாக இருந்தால் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள். அடுத்ததாக நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். வலி எத்தனை நொடி நிற்கிறது, எதைத் தொட்டால் வருகிறது என்று நோயாளி சொல்லும் கதையே பாதி நோயைக் காட்டிக்கொடுக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அவசியம்; கட்டியோ வேறு நரம்பு நோயோ இல்லையென்று அதில்தான் தெரியும். இளவயதினருக்கு வந்தாலும், இரண்டு பக்கமும் வந்தாலும், முகம் மரத்துப்போனாலும் தாமதிக்கக் கூடாது.

மருந்தில் முதலிடம் கார்பமாசெபின் மாத்திரைக்குத்தான். 1962 முதல் இந்த வலிக்குப் பயன்பட்டு வருகிறது. சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. கார்பமாசெபினோ சில நாட்களிலேயே பலருக்கு ஆறுதல் தருகிறது. உடம்பில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நம் தாயாருக்கு நான்கு வருடம் மாத்திரை வேலை செய்தது. பிறகு அளவைக் கூட்டிக்கொண்டே போனதில் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தள்ளாடி விழுந்து, எங்களிடம் வந்து சேர்ந்தார். எங்கள் மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு கிடையாது. ஆகவே வேலூருக்கு அனுப்பலாம் என்றார் டாக்டரம்மா. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கினார். சென்னை, மதுரை போன்ற நகரங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு.

அன்று மாலை அந்தத் தாயார் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எனக்காக ஜெபம் பண்ணுங்க. ஆபரேஷன் வேண்டாம்னு நீங்களே டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றார். மண்டையைத் திறந்தால் முகம் கோணிவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது அவிசுவாசம் என்றும் ஒருவர் சொன்னாராம். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை அவர் மறந்துவிட்டார் போலும்.

எங்கள் குறையையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் இதே நோயுள்ள ஒரு பெரியவரிடம், "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி ஜெபித்துவிட்டு வந்தோம். சாப்பிடப் பயந்து எலும்பும் தோலுமாகிப் போனார். அவரை உரியவரிடம் அனுப்பச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆகையால் இம்முறை வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திருப்பூரிலிருந்து வந்த மகனோடு உட்கார்ந்து, சர்ஜனிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதினோம். இந்த ஆபரேஷனை நீங்கள் வருடத்திற்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? அம்மாவுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? முகம் மரத்துப்போகுமா? வலி திரும்பி வந்தால் என்ன செய்வது? இவற்றைக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவர்களுக்குக் கிடைத்த விளக்கம் இது. வழிகள் பல உண்டு. காதுக்குப் பின்னால் எலும்பில் சிறு துவாரமிட்டு, மைக்ராஸ்கோப் வழியாக அந்த இரத்தக் குழாயை விலக்கி, இடையில் டெஃப்லான் பஞ்சு வைப்பது ஒன்று. நரம்பை வெட்டுவதில்லை; ஆகவே பெரும்பாலும் முக உணர்வு தப்பும். இம்முறையைப் பரவச் செய்தவர் அமெரிக்காவின் டாக்டர் பீட்டர் ஜனெட்டா. அவருடைய குழுவினர் 1,185 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்து வருடம் கழித்தும் 70 சதவீதம் பேர் மருந்தும் வலியும் இல்லாமல் இருந்தார்கள். சிலருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. அந்தப் பக்கக் காது 16 பேருக்குக் கேட்காமல் போனது. இரண்டு பேர் இறந்தார்கள். இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மயக்க மருந்தைத் தாங்க முடியாத முதியவர்களுக்குக் கன்னத்தின் வழியாக ஊசி செலுத்தி, வெப்பத்தாலோ சிறு பலூனாலோ நரம்பை மட்டுப்படுத்துவார்கள். மண்டையைத் திறப்பதில்லை. ஆனால் முகம் ஓரளவு மரத்துவிடும்; சில வருடங்களில் வலி திரும்புவதும் உண்டு. காமா நைஃப் என்னும் கதிர்வீச்சு முறையில் கத்தியே இல்லை. பலன் தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும்.

தாயாருக்கு இருதயம் நன்றாக இருந்தது. ஸ்கேனில் இரத்தக் குழாய் நரம்பைத் தொடுவதும் தெரிந்தது. இரண்டு வாரம் யோசித்து, அவரே முதல் வழியைத் தேர்ந்துகொண்டார். ஸ்கேனுக்கும் பயணத்துக்கும் ஆன செலவில் பெரும்பகுதியை நீங்கள் அனுப்பிய காணிக்கை தாங்கியது.

இப்போது மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார்கள். வலி இல்லை. வலது காது மட்டும் சற்று மந்தம். சென்ற வாரம் பார்க்கப் போனபோது, "இந்தப் பக்கமா வந்து உக்காருங்க ஐயா, அந்தக் காதுல சரியா விழல" என்று சொல்லிவிட்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.