கடையில் வாங்கிய பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள்!

மாமல்லபுரத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று சுற்றி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். குழந்தைகள் 'கூல் டிரிங்க்ஸ்' என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். வாங்கிக் கொடுக்கிறீர்கள். செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் ஒரு பிள்ளைக்கு வயிற்றைப் பிசைகிறது, வாந்தி. வீட்டில் உடனே என்ன சொல்வார்கள்? "அந்தச் சனியனை முதல்ல கீழே கொட்டு!"

கொட்டாதீர்கள். பாட்டிலில் மிச்சமிருக்கும் இரண்டு மடக்குதான் டாக்டருக்குத் துப்பு. பிறகு உங்களுக்குச் சாட்சி.

முதலில் உடம்பு

குடிப்பதை நிறுத்துங்கள். எத்தனை மணிக்குக் குடித்தது, எத்தனை மணிக்குத் தொல்லை ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க இந்த இடைவெளி பெரிய உதவி.

குடித்த உடனே வாயும் தொண்டையும் எரிந்தால், அல்லது மண்ணெண்ணெய், பினாயில் போல வாடை வந்தால், ரசாயனம் கலந்திருக்கலாம். வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். விரலை விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியே திரும்பி வரும்போது தொண்டை மறுபடி புண்ணாகும், நுரையீரலுக்குள்ளும் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிதான்.

அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், கெட்டுப்போன ரோஸ்மில்க், பாதாம் பால் போன்றவற்றில் கிருமிகள் ஏற்கெனவே உண்டாக்கி வைத்த நச்சாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். அதற்கும் பிறகு, இரண்டு மூன்று நாள் வரைகூட, பேதியும் காய்ச்சலும் வந்தால் தண்ணீர் மீதும் ஐஸ் மீதும் சந்தேகப்படுங்கள். நேற்றுக் குடித்த கரும்புச் சாறு இன்றைக்கு வேலையைக் காட்டலாம். கடைசியாகத் தின்ற இட்லியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்!

வாந்தி, பேதியில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் நீர் வற்றிப்போவதால்தான். ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரையுங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழு ஒரு லிட்டர். பொடி கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். "சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்பது வேண்டாம். சர்க்கரை மிகுந்த பானம் பேதியைக் கூட்டும். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு இனிப்புப் பானங்களையும் விற்று வந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாதவை அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

குழந்தைகளுக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகவே கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிவு, மயக்கம், மூச்சுத் திணறல், பார்வை மங்கல்... இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

பார்வை மங்கினால்...

2023 மே மாதம் நடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்திலும், கடற்கரையோடு தெற்கே போனால் வரும் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் கள்ளச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இருந்தது மெத்தனால். அது கடைப் பானம் இல்லைதான். ஆனால் பாடம் எல்லோருக்கும் உண்டு. மெத்தனால் உடனே கொல்வதில்லை. வயிற்றுவலி, தலைவலி, பார்வை மங்கல் எல்லாம் பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் வரும். "போதை தெளியட்டும்" என்று படுக்க வைத்தால் போச்சு! மாற்று மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன. நேரத்தோடு போனால் பலரைக் காப்பாற்றலாம். போலீசுக்குப் பயந்தோ வெட்கப்பட்டோ டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பிறகு பாட்டில்

மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, 'குடிக்காதே' என்று எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, 14 இலக்க உரிம எண் மூன்றையும் போட்டோ எடுங்கள். பில் இல்லையா? ஜீ-பே மாதிரி போனில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சிதான். டாக்டர் சீட்டில் 'இன்ன பானம் குடித்த பின்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தள்ளுவண்டி ஜூஸ் என்றால் இடம், நேரம், கூடக் குடித்தவர்கள் யார் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர், "அதைக் குடுங்க சார், வேற பாட்டில் தர்றேன்" என்பார். கொடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சண்டையும் வேண்டாம். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் படங்களோடு புகார் அனுப்புங்கள். பேட்ச் எண்ணை மறக்காமல் குறிப்பிடுங்கள். திறந்த பாட்டிலைக் காட்டினால் "நீங்களே எதையோ போட்டிருப்பீர்கள்" என்று வாதிடலாம். அதே பேட்ச்சில் சீல் உடையாத பாட்டிலை அதிகாரி மாதிரி எடுத்தால் அந்த வாதம் எடுபடாது.

சட்டம் உங்கள் பக்கம்

1928-ல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் தோழி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பீரை டோனஹியூ என்ற பெண்மணி குடித்தார். பாட்டிலில் அழுகிய நத்தை இருந்ததாகவும், அதனால் நோயுற்றதாகவும் வழக்குப் போட்டார். பணம் கொடுத்தது தோழி; குடித்தது இவர். ஆனாலும், தயாரிப்பாளருக்குக் குடிப்பவரிடமும் பொறுப்பு உண்டு என்று 1932-ல் லண்டன் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பிறகு வழக்கு சமரசமாக முடிந்ததால், நத்தை இருந்ததா என்பது மட்டும் கடைசிவரை நிரூபிக்கப்படவேயில்லை!

நமது 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டமும் வாங்கியவரின் சம்மதத்தோடு குடித்தவரை நுகர்வோராகவே கருதுகிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். இருபது ரூபாய் பாட்டிலுக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. எப்படி என்று கேட்க 1915-க்குப் போன் செய்யுங்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரையும், மற்ற பாதிப்புக்கு ஒரு லட்சம் வரையும் நஷ்ட ஈடு உண்டு.

"இருபது ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா?" என்று தோன்றலாம். உங்கள் பிள்ளை இரண்டு நாளில் எழுந்து விளையாடப் போய்விடும். அதே பேட்ச் பாட்டில்கள் இன்னும் எத்தனை கடை ஐஸ் பெட்டிகளில் இருக்கின்றனவோ! இன்றைக்கே புகார் அனுப்பிவிடுங்கள்.