கரையோர நிலங்களில் மழைப் பதிவு

இராமநாதபுரம் ஜில்லாவின் கரையோரக் கிராமங்களில் மானாவாரிச் சாகுபடி ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியுள்ளது. ஆயினும், தமது நிலத்தில் பெய்த மழையை "ஓர் உழவு மழை" என்று மட்டில் கூறுவோரே அதிகம். பாம்பன் கணக்கைப் பத்திரிகையிற் கண்டு திருப்தியடைவோரும் உளர். அக்கணக்கு பாம்பனுக்கே பொருந்தும். 2024-ஆம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி இராமேசுவரத்தில் 400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சில மைல் தூரத்திலுள்ள பாம்பனில் பதிவானது 300 மில்லிமீட்டருக்கும் குறைவே. ஒரு மில்லிமீட்டர் மழையென்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர் நீர். நெல்லுக்கு மேலுரம் இடுவதையும் மிளகாய்ப் பாத்திக்கு வடிகால் திறப்பதையும் அயலூர்க் கணக்கைக் கொண்டு தீர்மானித்தல் தகாது.

வீட்டில் வைத்துக்கொள்ளும் வானிலைக் கருவிகளில் மழைமானியே விவசாயிக்கு முதன்மையானது. இதனுள் தராசுபோல் இருபுறமும் சாயும் சிறு தொட்டியுண்டு. ஒவ்வொரு சாய்வுக்கும் காந்தவிசை ஒன்று மின்சுற்றை இணைக்க, டேட்டா லாகர் என்னும் பதிவுக்கருவி நேரத்துடன் அதனைக் குறித்துக்கொள்ளும். வாங்குவோர் கவனிக்கவேண்டியது, பதிவு கருவிக்குள்ளேயே தங்குகிறதா என்பதாகும். கைப்பேசிக்கு மட்டும் செய்தி அனுப்பும் கருவி நம்மூருக்கு உதவாது. புயலன்று மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் ஒருங்கே நின்றுவிடுவதை இக்கரையார் நன்கறிவர். பாட்டரியில் இயங்குவதும், கம்பி முனைகளில் உப்புக்காற்று புகாதபடி மூடப்பட்டதுமான கருவியே நீடித்துழைக்கும். முனைகளில் வாசலின் தடவுதல் நலம்.

மொட்டை மாடியில் வைத்துவிட்டுக் கருவியைப் பழிப்பதிற் பயனில்லை. அங்கே காற்று மழைத்துளியை மானியின் வாய்க்கு அப்பால் தள்ளிவிடும். பனை, சுவர் முதலியவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கேனும் விலகிய திறந்த தரையில், மட்டம் பார்த்து ஊன்றுதல் வேண்டும். மணலும் பறவை எச்சமும் புனலை அடைக்காதபடி வாரந்தோறும் துடைக்கவேண்டும்.

கருவி மெய் சொல்கிறதா என்று பருவத்துக்கு முன் சோதித்தல் அவசியம். மானியின் வாய் 20 சென்டிமீட்டர் குறுக்களவும், ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டரும் ஆயின், 314 மில்லிலிட்டர் நீரை மெதுவாக ஊற்றினால் சுமார் 50 சாய்வுகள் பதிவாகவேண்டும். கடுமழையில் தொட்டி சாயும் வேகம் போதாமல் கணக்குச் சற்றுக் குறையும். ஆதலால் அருகே சாதாரண மழைமானி ஒன்றும் வைத்து, காலை 8.30 மணிக்கு அளந்து நோட்டில் எழுதிவருதல் நலம். கிராம அதிகாரிகள் கண்மாய்க்கரை அருகே ஒன்று நிறுவினால் ஊர் முழுவதற்கும் பயன்படும். பெருமழை நாளில் அதன் பாட்டில் நிரம்பி வழியுமுன், இடையிடையே அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும்.