பேக்கப் இருக்கிறது, திறக்குமா?

கேள்வி: சிறுமலை வாழை, மிளகு வாங்கி விற்கும் மண்டி திண்டுக்கல்லில் வைத்திருக்கிறோம். கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில். தினமும் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறோம். போதாதா?

பதில்: எடுக்கிறீர்கள், சரி. என்றைக்காவது திறந்து பார்த்ததுண்டா? வரத்து குறைந்த ஒரு நாளில், மண்டிக் கம்ப்யூட்டரைத் தொடாமல் வேறொரு லேப்டாப்பில் அந்த பேக்கப்பை ஏற்றுங்கள். ஏதாவது ஒரு விவசாயியின் பாக்கியைப் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது, எங்கே தட்டியது, பாஸ்வேர்டிலா, லைசென்ஸிலா என்று குறித்துவையுங்கள். கணக்குப்பிள்ளையை அன்று லீவில் அனுப்பிவிடுவது உத்தமம். பாதி ரகசியம் அவர் தலைக்குள்தான் இருக்கும். முதல் தடவை சொதப்பும். சொதப்பட்டும்.

அந்த டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடக்கிறதா? உங்கள் மலைவாழையையே பாருங்கள். முடிக்கொத்து நோய் வந்த தாய்மரத்தின் பக்கக்கன்றிலும் அதே வைரஸ்தான். வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை வைத்துத்தான் மீண்டும் நட வேண்டியிருந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் இப்படித்தான், செருகிய டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். ஒரு பிரதியைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறி, உள்மாவட்டங்கள் வரை வந்தது. அப்படிப் புயலடித்துக் கரண்ட் இல்லாத நாளுக்கு ஒரு கைரசீதுப் புத்தகமும் கல்லாவில் இருக்கட்டும்.